மாணவர் வலைப்பூ ஏன் நான்காவது வாரத்தில் படுத்துவிடுகிறது?

கல்லூரி எழுத்து வகுப்புக்கு வலைப்பூ தொடங்கப் பத்து நிமிடம் போதும். அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். தாளில் எழுதி ஒப்படைத்த கட்டுரையை இப்போது இணையத்தில் ஏற்றச் சொல்கிறோம். படிப்பவரோ பழையபடி ஆசிரியர் ஒருவர்தான். சக மாணவர் படிக்கவும், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர் திருத்தவும் நேரம் ஒதுக்காவிட்டால் வலைப்பூவால் பயனில்லை.

60 பேர் வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் படிக்க முடியாது. ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே கெடு வைத்தால் கடைசி இரவில் எல்லாப் பதிவுகளும் குவியும், ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். பதிவுக்குத் திங்கள், பின்னூட்டத்துக்கு வியாழன், திருத்திய வடிவத்துக்கு அடுத்த திங்கள் என்று வையுங்கள். ஒரு பருவத்துக்கு ஆளுக்கு ஐந்தாறு பதிவுகள், ஒவ்வொன்றும் 300 சொல் அளவில் இருந்தால் போதும்.

பின்னூட்டத்தைச் சும்மா விட்டால் "அருமை", "வாழ்த்துகள் தோழி" என்றுதான் வரும். நண்பரைக் குறை சொல்லத் தயக்கம் இருப்பது இயல்பு. அதனால் வேலையைக் குறிப்பாகக் கொடுங்கள்: வாசிக்கும்போது தடுக்கிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்ட வேண்டும், பதிவு பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். எழுத்துப் பிழைகளைத் தனியே சொல்லட்டும். மதிப்பெண்ணை ஆசிரியர் ஒருபோதும் பின்னூட்டத்தில் எழுதக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில் திருத்தினால் பழைய வடிவம் போய்விடும். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு தளம் முந்தைய வடிவங்களைச் சேமிக்கும். பிளாகர்தான் என்றால் வரைவைக் கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லுங்கள். அதன் பதிப்பு வரலாற்றில் முதல் வரைவும் கடைசி வடிவமும் கிடைக்கும். மதிப்பெண்ணில் பாதியையாவது அந்த மாற்றத்துக்குக் கொடுங்கள். முழுக் கட்டுரையும் ஒரே நொடியில் வந்து ஒட்டியிருந்தால் அதுவும் தெரியும். ஆனால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள்; வேறு செயலியில் தட்டச்சு செய்தும் ஒட்டியிருக்கலாம். கூப்பிட்டுக் கேளுங்கள்.

முதல் வாரம் ஒரு வகுப்பைத் தட்டச்சுக்கே விடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில், தமிழ்99 விசைப்பலகையிலோ கைப்பேசியிலோ அடிக்கப் பழக்குங்கள்.

முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. வலைப்பூவை அழைக்கப்பட்ட வாசகர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். புனைபெயரை அனுமதியுங்கள். கைப்பேசி எண், விடுதி, தினமும் ஏறும் பேருந்து ஆகியவை பதிவில் வரவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்; மாணவியருக்கு இதனால் வரும் தொல்லை உண்மையானது. பருவம் முடிந்ததும் பதிவை வைப்பதா அழிப்பதா என்பது எழுதியவரின் முடிவு. பிரதி எடுத்துக்கொள்ள இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள்.