மாத்திரை முடிந்ததும் திரும்பி வரும் அரிப்பு

பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு, மருந்தில் குணமாகி, ஓரிரு மாதங்களில் அதே அரிப்பும் எரிச்சலும் மீண்டும் வரும்போது, தன் சுத்தத்தில்தான் ஏதோ குறை என்று பல பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பில் சோப்பை அதிகமாகப் போடுவதும், உட்புறம் வரை நீர் பாய்ச்சிக் கழுவுவதும் எரிச்சலைக் கூட்டுமே தவிர, தொற்றை விரட்டாது. இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாகும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை, ஆரோக்கியமான பெண்கள் பலரின் யோனியில் எந்தத் தொந்தரவும் தராமல் ஏற்கெனவே குடியிருப்பதுதான்.

யோனியில் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. இந்த அமிலம் வேறு பல கிருமிகளைத் தடுத்தாலும், கேண்டிடா அதிலேயே நன்றாக வளரும். ஆகவே அமிலத்தன்மையைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கப்படும் கழுவு திரவங்களால் இந்தத் தொற்றுக்குப் பயனில்லை.

உருண்டையான ஈஸ்ட் செல்கள் நீண்ட இழைகளாக உருமாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இழைகள் கேண்டிடாலைசின் என்ற நச்சுப் புரதத்தைச் சுரந்து உட்சுவர்ச் செல்களைத் துளைக்கின்றன. இந்த நச்சு 2016-ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. காயம்பட்ட செல்கள் எழுப்பும் அபாய அழைப்பைக் கேட்டு வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன. ஆனால் அவற்றால் அங்கே பூஞ்சையைச் சரிவரக் கொல்ல முடிவதில்லை, அழற்சிதான் மிஞ்சுகிறது. சிவந்து வீங்குவதும் அரிப்பதும் பெருமளவுக்கு நம் உடலே நடத்தும் போரின் விளைவு என்பதால், யோனியில் ஈஸ்ட் இருந்தும் ஒருவருக்கு ஒன்றும் தெரியாமலிருக்க, இன்னொருவர் தூக்கமின்றித் தவிக்கிறார்.

ஆன்டிபயாடிக் மருந்துகள், கட்டுப்படாத நீரிழிவு, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், கர்ப்பகாலத்தில் உயரும் ஈஸ்ட்ரோஜன் ஆகியவை தொற்றைத் தூண்டலாம். இவற்றில் எதுவுமே இல்லாத பெண்களுக்கும் அது திரும்பத் திரும்ப வருவதுண்டு.

இந்தத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் ஃபுளுகோனசோல் மாத்திரை, பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கிறது. இதனால் கேண்டிடாவின் வளர்ச்சி நிற்கிறது. ஆனால் அது முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. எப்போதாவது வரும் தொற்றுக்கு 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பெரும்பாலும் போதும். ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால், 1, 4, 7 ஆகிய நாட்களில் தலா ஒரு மாத்திரையும், பின்னர் வாரம் ஒன்றாக ஆறு மாதமும் கொடுப்பது வழக்கம். 2004-இல் வெளியான ஆய்வில், இப்படி மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 91 சதவீதம் பேர் ஆறு மாத முடிவில் தொற்றின்றி இருந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 36 சதவீதம் பேர். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழிந்தபோது, முதல் குழுவிலும் அந்த எண்ணிக்கை 43 சதவீதமாக இறங்கிவிட்டது.

இவ்வளவு நீண்ட சிகிச்சைக்கு முன், வந்திருப்பது கேண்டிடாதானா என்று உறுதிசெய்வது அவசியம். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டுவிடுவதே பலருடைய அலைச்சலுக்குக் காரணம் என்பது என் கருத்து. தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப்படுதலை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. கண்ணாடித் தகட்டில் தடவிய மாதிரியின்மீது ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால், உடலின் செல்கள் கரைந்து மங்க, பூஞ்சையின் இழைகளும் மொட்டுவிடும் செல்களும் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். மாதிரியை வளர்த்துப் பார்த்தால் எந்த இனம் என்பதும் தெரிந்துவிடும். கேண்டிடா கிளாப்ரேட்டாவாக இருந்தால் ஃபுளுகோனசோல் பலவேளைகளில் எடுபடாது; அப்போது 600 மில்லிகிராம் போரிக் அமிலக் கேப்ஸ்யூலை இரவுதோறும் மூன்று வாரம் யோனிக்குள் வைக்கச் சொல்வார்கள். அதை விழுங்கினால் விஷம். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. கர்ப்பகாலத்தில் ஃபுளுகோனசோல் மாத்திரையையும் தவிர்த்து, கிளோட்ரிமசோல் போன்ற மருந்தை ஏழு நாள் யோனியில் வைப்பதே முறை.

தடுப்பைப் பொறுத்தவரை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பதும், வாசனைப் பொருட்களை அந்த இடத்தில் பயன்படுத்தாதிருப்பதும் பொருளுள்ளவை. தளர்ந்த பருத்தி உள்ளாடையால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அறிகுறி இல்லாத துணைவருக்கு மருந்து கொடுப்பதால் மறுதொற்று குறைவதில்லை. ஆறு மாதச் சிகிச்சைக்குப் பின்னும் அரிப்பு திரும்பினால், பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கக் கூடாது; மாதிரியை மீண்டும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு வாராந்தர மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்று மருத்துவர் முடிவுசெய்வார்.