திருப்பம் அல்ல, முறை

ஆளுக்கு ஆள் மாறிமாறி ஆடும் கணினி விளையாட்டை ஆங்கிலத்தில் 'டர்ன் பேஸ்ட்' என்பார்கள். கணினி விளையாட்டைப் பற்றித் தமிழில் பேசும் காணொளிகளில் அதற்கு 'திருப்பம் சார்ந்த விளையாட்டு' என்ற தொடர் வேரூன்றிவிட்டது. யூடியூபில் கேட்டபோது போகட்டும் என்று விட்டேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடந்த ஒரு கணினிப் பட்டறையில் அச்சடித்த தாளிலேயே அது வந்துவிட்டது: 'கதை சார்ந்த, திருப்பம் சார்ந்த, தந்திரோபாயப் பங்கு விளையாட்டு'. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "அப்போ கதையில நிறைய டுவிஸ்ட் வருமா சார்?" என்று கேட்டான். அவன்மேல் பிழையே இல்லை. கதையையும் திருப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழில் வேறு என்ன பொருள் வரும்?

'டர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிரேக்கத்தில் டோர்னோஸ் என்பது கடைசல் கருவி. லத்தீனில் அது கடைவதைக் குறிக்கும் வினையானது. ஆங்கிலத்துக்கு வந்தபின் சுழல்வது, திரும்புவது என்று கிளைவிட்டு, ஆள் மாற்றி ஆளுக்கு வாய்ப்பு வருவதையும் குறிக்கத் தொடங்கியது. அகராதியில் முதல் பொருளை எடுத்தவர் 'திருப்பம்' என்றார். இன்னும் நாலு வரி கீழே போயிருந்தால் சரியான பொருள் கிடைத்திருக்கும்.

விளையாட்டில் நடப்பது என்ன? பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1998-இல் வந்த முதல் பாகத்தில் சண்டை தானாக ஓடிக்கொண்டிருக்கும். வேண்டும்போது நிறுத்திக் கட்டளை கொடுக்கலாம். 2023-இல் லாரியன் என்ற நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகம் அப்படி இல்லை. சண்டை மூண்டதும் ஒவ்வொருவருக்கும் நான்கு முகப் பகடை ஒன்று உருளும். அதோடு அவரவர் சுறுசுறுப்புக்கான எண்ணும் சேர்ந்து யார் முன், யார் பின் என்று வரிசை அமையும். திரையின் மேலே முகங்கள் அந்த வரிசையில் நிற்கும். நம் ஆளின் முகம் வந்ததும் கொஞ்ச தூரம் நகரலாம், ஒரு செயல் செய்யலாம், கூடவே ஒரு சிறு செயலும் செய்யலாம். மருந்துக் குப்பியைக் குடிப்பது சிறு செயல். பாறை விளிம்பில் நிற்கிற கொப்ளின் என்ற குட்டிப் பூதத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவதும் சிறு செயல்தான் (பையன்களுக்கு இதில்தான் உயிர்). முடித்ததும் அடுத்தவனுக்கு விட்டுவிட வேண்டும். இதில் எங்கே இருக்கிறது திருப்பம்?

இதற்குத் தமிழில் சொல் புதிதாகச் செய்ய வேண்டியதே இல்லை. முறை. வரிசை, ஒழுங்கு, உறவு, நீதி என்று பல பொருள் அதற்கு. ஒருவருக்கு வரிசைப்படி வரும் வேளை என்பதும் அவற்றில் ஒன்று. கோயிலில் தன் வேளை வந்து ஊழியம் செய்பவர் முறைகாரர். ஆற்றுநீரை ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பகிர்ந்தால் முறைப்பாசனம். தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்ற பெண்கள் "இப்ப எங்க முறை" என்றுதான் சண்டை போட்டார்கள். தாயம் ஆடுகிற பாட்டியும் தாயம் விழுந்தால் "என் முறை இன்னும் முடியல" என்று கட்டையை மறுபடி உருட்டுவார். மலாய்க்காரர்கள் கிலிரான் என்ற தங்கள் அன்றாடச் சொல்லையே எடுத்து இந்த வகை விளையாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நமக்கு மட்டும் அன்றாடச் சொல் என்றால் ஏனோ கூச்சம்.

இதற்குப் போட்டியாகச் சிலர் 'சுற்று' என்கிறார்கள். திருப்பத்தைவிட இது மேல், ஆனால் குழப்பம் இதிலும் உண்டு. எல்லாருக்கும் ஒவ்வொரு முறை வந்து போனால்தான் ஒரு சுற்று. பால்டர்ஸ் கேட்டுக்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் விதிகளில் ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு வினாடி. அந்த ஆறு வினாடிக்குள் எல்லாருடைய முறையும் அடக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டு, 'உன் சுற்று முடிந்தது, சுற்று இன்னும் முடியவில்லை' என்று எப்படி விளக்குவது?

முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எதிர்ப்பவர்கள் அதைச் சரியாகவே பிடித்தார்கள். 'மூன்று முறை தாக்கும்' என்றால் மூன்று தடவை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதற்குத்தான் கால அளவைச் சுற்றில் சொல்ல வேண்டும் என்கிறேன். பிளெஸ் என்ற ஆசி மந்திரத்தை விளையாட்டு பத்து 'டர்ன்' என்று காட்டினால், 'பத்துச் சுற்று நீடிக்கும்' என்று எழுதினால் போதும். சுற்றுக்கு ஒரு முறைதானே வருகிறது. தடவையைத் தடவை என்றே எழுதலாம், அதுவும் நல்ல தமிழ்தான்.

'முறைசார் விளையாட்டு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது விதிப்படி, சம்பிரதாயமாக ஆடுவது என்று ஆகிவிடும். இங்கே கோளாறு 'சார்' என்ற ஒட்டில். ஆங்கிலத்தில் 'பேஸ்ட்' என்று கண்டால் போதும், 'சார்ந்த', 'அடிப்படையிலான' என்று எழுதிவிட்டுத்தான் மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சே வருகிறது. தமிழுக்குப் பெயரெச்சம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோச்சு. முறை வைத்து ஆடும் ஆட்டம். இதில் புரியாதது எது? சுருக்கம் வேண்டுமென்றால் முறைவைப்பாட்டம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் 'ரோல் பிளேயிங்' என்பதற்குப் போட்டிருந்த 'பங்கு விளையாட்டு'க்கும் இதே கதிதான். பங்கு என்றதும் நம் ஊரில் கூட்டுறவுச் சங்கப் பங்கும் வீட்டுப் பாகமும்தான் ஞாபகம் வரும். வேறொருவராக மாறி, அவர் வாயால் பேசி, அவர் முடிவுகளை எடுப்பதை வேடமேற்பது என்போம். வேடமேற்று ஆடும் ஆட்டம் என்றால் கூத்துப் பார்த்த தலைமுறைக்கும் சட்டென்று விளங்கும். 'தந்திரோபாயம்' நாக்கைச் சுளுக்கினாலும் பொருள் தப்பவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத் தூயதமிழ் வெறி ஒன்றும் இல்லை. பையன்கள் "உன் டர்ன்டா" என்று கத்துவதைக்கூட நான் திருத்துவதில்லை. அவர்களுக்குப் பொருள் தெரிந்திருக்கிறது. தமிழ் என்று சொல்லித் தமிழனுக்கு விளங்காத ஒன்றை அச்சடிப்பவர்கள்மேல்தான் கோபம்.

லாரியன் பெல்ஜிய நிறுவனம்தான் என்றாலும் கோலாலம்பூரிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. விளையாட்டுக்குள் தமிழ் இல்லை. நாளை யாராவது தமிழாக்க உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது முறையை முடிக்கும் பொத்தான். அதில் 'திருப்பத்தை முடி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 'முறை முடிந்தது' போதும். அப்புறம், வரிசையைத் தீர்மானிக்கும் அந்தப் பகடை எண்ணை, ஆங்கிலத்தில் 'இனிஷியேட்டிவ்' என்பதால், 'முன்முயற்சி' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கோயில் நிர்வாகக் கூட்டத்துத் தீர்மானம் மாதிரி இருக்கிறது. யார் முந்துகிறார் என்பதுதானே விஷயம், முந்தும் எண் என்று எழுதுங்களேன்.