ரெட்லைனிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

கடன் கேட்டு வருபவரின் வருமானத்தையோ நாணயத்தையோ பார்க்காமல், அவர் இருக்கும் பகுதியை மட்டும் வைத்து வீட்டுக்கடனையோ காப்பீட்டையோ மறுப்பதுதான் ரெட்லைனிங். அமெரிக்க வீட்டுவசதி வரலாற்றில் இதைவிடக் கசப்பான சொல் இல்லை.

பெருமந்தக் காலத்தில், தவணை கட்ட முடியாமல் வீட்டை இழக்கவிருந்தவர்களுக்கு உதவ, வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை 1933இல் கூட்டாட்சி அரசு தொடங்கியது. அது 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. முதல் தரத்துக்குப் பச்சை, அப்புறம் நீலம், மஞ்சள். 'அபாயம்' என்று கருதிய இடத்துக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்புக்குள்தான் விழுந்தன.

வரைபடத்தைவிடப் பெரிய கேட்டைச் செய்தது 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்பேன். வங்கிகள் தரும் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த அமைப்பு அது. இனங்கள் கலந்து வாழ்ந்தால் மனை மதிப்பு குறையும் என்று அதன் கையேடே சொன்னது. 1941இல் டெட்ராய்டில் வெள்ளையருக்கென மனை போட்ட ஒருவர், அந்த உத்தரவாதத்துக்காகவே கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது.

சொல் பிறந்ததோ பிற்பாடு, 1960களில், சிகாகோவில். சமூகவியலாளர் ஜான் மெக்நைட் உருவாக்கியது என்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஏழாம் நாள், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து வீட்டையோ வீட்டுக்கடனையோ மறுப்பது அதனால் சட்டவிரோதமானது.

சரி, தமிழில்? 'செங்கோடிடல்' என்று சொல்லிப் பார்த்தேன். செங்கோடு என்றதும் நமக்குத் திருச்செங்கோட்டு மலைதான் நினைவுக்கு வரும். அங்கே கோடு என்பது சிகரம். 'ஒதுக்கல்' என்றால் இடஒதுக்கீடு குறுக்கே வந்து பொருளையே தலைகீழாக்கிவிடும். 'விலக்கு' என்றாலோ வரிவிலக்கு போல ஏதோ சலுகை என்று தோன்றும். நடந்தது மறுப்பு, அதைச் சொல்லே சொல்ல வேண்டும். அதனால் 'சிவப்புக்கோட்டு மறுப்பு' என்பதே என் தேர்வு. நீளம்தான்; ஆனாலும், "அந்த வட்டாரமே சிவப்புக்கோட்டு மறுப்புக்கு ஆளானது" என்று எழுதினால் முதல் வாசிப்பிலேயே புரியும்.