கை கால் விறைப்புக்குக் காரணம் தெரியவில்லையா? அரச வைத்தியசாலையில் உங்களுக்குள்ள வழி

கால் பெருவிரலில் தொடங்கிய விறைப்பு மெல்ல மெல்லக் கணுக்கால் வரை ஏறுகிறது. இரவில் பாதம் எரிகிறது. எடுத்த கோப்பை கையிலிருந்து நழுவுகிறது. திருகோணமலையில் இப்படி அவதிப்படும் பலர் முதலில் போவது பார்மசிக்குத்தான். "நரம்புக்கு ஒரு குளிசை தாருங்கள்" என்று வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். பிறகு சனல் செய்து ஒரு நிபுணரைக் காண்கிறார்கள், அடுத்து இன்னொருவரை. இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் வீட்டு நகை அடகுக்குப் போகிறது. காரணம் மட்டும் அகப்படுவதில்லை. இந்தத் தேடலைக் கட்டணமின்றிச் செய்வதற்கான ஒழுங்கு அரச வைத்தியசாலைகளில் இருக்கிறது. 1951 ஆம் ஆண்டு அங்கே கட்டணம் நீக்கப்பட்டது. அந்த ஒழுங்குக்குள் எப்படிப் போவது, நடுவில் தடைப்பட்டால் என்ன கேட்பது என்பது பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வேதனை.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். திடீரென ஒரு பக்கக் கையும் காலும் விறைத்தால், முகம் கோணினால், பேச்சுக் குழறினால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சேவை இலவசம், தமிழிலேயே பேசலாம். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். ஆகவே, அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒருவர் குறித்து வைத்திருக்க வேண்டும். பாதத்தில் தொடங்கிய விறைப்பும் பலவீனமும் ஓரிரு நாட்களில் மேலே ஏறினாலும், மூச்சு முட்டினாலும், இடுப்பு வலியோடு மலசலம் கழிக்கும் இடத்தில் உணர்வு குறைந்து சிறுநீர் போகாமல் நின்றாலும் அதே அவசரம்தான். கிளினிக் திகதிக்காக வீட்டில் இருக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு வழி தொடங்குவது வெளிநோயாளர் பிரிவில், அதாவது ஓ.பி.டி.யில். மூதூர், கிண்ணியா, கந்தளாய் பக்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள தள வைத்தியசாலைக்குப் போகலாம். நகரத்தவர்கள் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். எந்த அரச ஓ.பி.டி.க்கும் போகலாம்; வதிவிடக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நிபுணர்களின் கிளினிக்குக்கு நேரே போய் நிற்க முடியாது. ஓ.பி.டி. வைத்தியர் எழுதித் தரும் துண்டு வேண்டும், அல்லது வெளியே பார்த்த வைத்தியரின் கடிதம் வேண்டும். தனியாரிடம் ஏற்கெனவே காட்டியவர்கள் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓ.பி.டி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "உடம்பெல்லாம் ஒரு மாதிரி" என்று சொன்னால் வலிநிவாரணியோடு திரும்பி வருவீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமலே நான்கு அடி நடந்தேன், சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல் வரவில்லை, வலை பின்னும்போது கைப் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப் போகின்றன, இரவில் கையை உதறினால் சரியாகிறது. இப்படிச் சொன்னால் வைத்தியருக்கு எந்த நரம்பு என்ற சந்தேகம் உடனே எழும். கடைசியாகச் சொன்னது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதன் அடையாளம். எப்போது தொடங்கியது, ஒரு பக்கமா இரு பக்கமா, என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள், வயலில் மருந்து அடிப்பவரா, மது அருந்துபவரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டு போவது இன்னும் நல்லது.

முதற்கட்டப் பரிசோதனைகள் எளியவை: இரத்தச் சர்க்கரை, முழு இரத்த எண்ணிக்கை, தைரொயிட், சிறுநீரகத் தொழிற்பாடு. இரு பாதமும் விறைப்பவர்களில் பெரும் பங்கினருக்குக் காரணம் சர்க்கரைதான், அது இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. பாதத்தில் உணர்வு குறைந்தவர் நண்பகலில் கோயில் வீதியை வெறுங்காலோடு சுற்றி வந்தால் தோல் கொப்பளித்தது மறுநாள்தான் தெரியவரும். அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டி வந்துவிடலாம். சர்க்கரைக்கு மெட்போமின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் முழு மரக்கறி உணவுக்காரருக்கும் பி12 விட்டமின் குறையலாம். ஊசியோ குளிசையோ கொடுத்துச் சீராக்கக்கூடிய காரணம் இது, ஆகவே அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு பரிசோதனையை வெளியே செய்யச் சொன்னால், மாதிரியை வேறோர் அரச ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு காரணத்தைத் திறந்து பேச வேண்டும், ஏனென்றால் வெட்கத்தால் பலர் அதை மறைக்கிறார்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த ஒரு தேமல், அந்த இடத்தில் தொட்டால் உணர்வு இல்லை, சொறியவும் தோன்றவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கை 1995 இல் தேசிய மட்டத்தில் அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றியது. ஆனால் நோய் நாட்டைவிட்டுப் போகவில்லை, கிழக்கிலும் புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். சிகிச்சை முழுக்க இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் நிலை நீங்கிவிடும். யாரையும் வீட்டிலிருந்து ஒதுக்கத் தேவையில்லை. பெரும்பாலும் பிந்தினால்தான் விரல் மடங்குவதும் கண் மூட முடியாமற் போவதும் நிகழ்கின்றன. தோல் நோய்க் கிளினிக்குக்கு ஒரு துண்டு கேளுங்கள்.

இனி, எல்லோரும் மனம் உடையும் இடம். "ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று சொல்லப்படும் நாள். வீட்டாரும் "நடிக்கிறாள்" என்று பேசத் தொடங்குவார்கள். சாதாரண இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் அந்தப் பரிசோதனையில் தெரியும் நோய்கள் இல்லை என்பது மட்டும்தான் பொருள். நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் இன்னும் செய்யப்படாமல் இருக்கலாம். அவை எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை, அதற்காகவே மட்டக்களப்பு, கண்டி, கொழும்பு போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. "அடுத்து எதைப் பார்க்கலாம், நரம்பியல் நிபுணரிடம் அனுப்ப முடியுமா?" என்று மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். எல்லாச் சோதனையும் முடிந்த பின்னும் பழுது எதுவும் தெரியாமல், நரம்பு மண்டலம் இயங்கும் விதத்தில் மட்டும் கோளாறு இருப்பதும் உண்டு. அதுவும் உண்மையான நோய், அதற்கும் இயன்முறைச் சிகிச்சையும் உளநலச் சிகிச்சையும் இருக்கின்றன. மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினால் உங்களைப் பொய்காரி ஆக்கிவிட்டார்கள் என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள்.

வேறு மாகாணத்துக்கு அனுப்பினால் மொழி நினைவில் வருவது இயல்பு. அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் நீங்கள் அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ள உரித்துடையவர். நடைமுறையில் மொழிபெயர்க்க ஆள் இல்லாமற் போகலாம். சிங்களம் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்வது உங்கள் நோய்க்கு நல்லது.

கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள். வார்டில் தங்கிய காலத்துப் பதிவு தேவைப்பட்டால் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். பிறருடைய மருத்துவப் பதிவை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றித் தர முடியாது, ஆகவே தந்தைக்காக மகன் கேட்டால் தந்தையின் கையொப்பமும் வேண்டும்.

நோயால் உழைக்க முடியாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் வழங்கப்படும் மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெரிய சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதிய உதவி கோருபவர்கள் 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டுக்கும் வைத்தியரின் அறிக்கை அவசியம்.

கிளினிக் திகதி தவறிவிட்டால் விட்டுவிட வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் காலையிலேயே கொப்பியோடு போய் வராததன் காரணத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓ.பி.டி. வரிசையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.