விதவையின் கோப்பில் பாதுகாவலர் எப்படி வந்தார்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) இறந்த ஒரு சிப்பாயின் ஓய்வூதியக் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். 1863இல் மனைவி விண்ணப்பித்திருக்கிறார். 1867இல், குழந்தைகளின் பாதுகாவலர் என்று வேறொருவர் கையெழுத்திடுகிறார். முன்னோரைத் தேடும் பலர் இதைக் கண்டதும் தாய் இறந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். அவசர முடிவு.

1862ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். அவர் மறுமணம் செய்துகொண்டால் அவருடைய ஓய்வூதியம் நின்று, 16 வயது நிறையாத பிள்ளைகளுக்குப் போகும். சிறுவர் சார்பில் பணத்தைப் பெற, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் வேண்டும். அவர் மாற்றாந்தந்தையாக இருக்கலாம், தாய்மாமனாக இருக்கலாம். சில கோப்புகளில் பெற்ற தாயே பாதுகாவலர். ஆகவே கல்லறைகளில் தேடுமுன் திருமணப் பதிவேட்டைப் புரட்டுவது நல்லது.

அந்தக் கோப்பில் உள்ள பிள்ளைகளின் பட்டியலும் ஏமாற்றும். 16 வயதைக் கடந்தவருக்குப் பணம் இல்லை என்பதால் பெரும்பாலும் பெயரும் இராது. மூன்று பெயர்களைப் பார்த்து "மூன்றே பிள்ளைகள்" என்று முடிவு கட்டினால், மூத்தவர்கள் நம் வரலாற்றிலிருந்தே விழுந்துவிடுவார்கள். ஆனால் பெயர் உள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை இது புதையல். பிறந்த தேதியை நிரூபிக்க மருத்துவச்சியின் வாக்குமூலம், ஞானஸ்நானச் சான்று, ஏன், குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கத்தையே அனுப்பியிருக்கிறார்கள். அவை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் கோப்புக்குள் கிடக்கின்றன.

படைப் பதிவேட்டில் உள்ள வயதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 18 நிறையாதவருக்குப் பெற்றோர் சம்மதமோ சட்டத் தடையோ குறுக்கே நின்றதால், பையன்கள் கூசாமல் 18 என்றார்கள். 1862இல் அப்படிச் சொன்ன ஒருவனுக்கு உண்மையில் 15 வயது என்றால், 1907இல் அவனுக்கு 60. பதிவேட்டுக் கணக்கிலோ 63. அந்த ஆண்டு வந்த சட்டம், 90 நாள் பணியாற்றி 62 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வூதியம் தந்தது. பழைய பொய்யைத் திருத்த அவனுக்கு என்ன அவசரம்? ஆதாயம் எதுவும் முளைக்காத காலத்துப் பதிவை எடுத்துப் பார்க்க வேண்டும்: 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் முதன்முதலில் தனித்தனியே எழுதிய கணக்கெடுப்பு அது. அதில் அவன் மூன்று வயதுக் குழந்தையாக அகப்படலாம்.

பாதுகாவலர் நியமனத்தின் மூலக் காகிதங்கள் ஓய்வூதியக் கோப்பில் முழுமையாக இருப்பது அரிது. அவற்றை அந்தந்த மாவட்ட (கவுண்டி) நீதிமன்றத்தில் தேட வேண்டும். பல மாநிலங்களில் 14 வயதானவர் தம் பாதுகாவலரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் நீதிமன்றமே நியமிக்கும். எனவே 1867இல் ஒரு சிறுமி தானே தேர்ந்தெடுத்ததாக எழுதியிருந்தால், அவள் 1853இலோ அதற்கு முன்னரோ பிறந்தவள். பிணைப்பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பொறுப்பேற்க முன்வருபவர் பெரும்பாலும் உறவினராகவோ நெருங்கிய அண்டை வீட்டாராகவோ இருப்பார். ஓய்வூதியம் 16 வயதில் நின்றாலும், சொத்துக்கான பாதுகாவலர் பொறுப்பு ஆண்களுக்கு 21 வயது வரை நீடித்தது; சில மாநிலங்களில் பெண்களுக்கு 18. கணக்கு முடிக்கும் நாளில் அந்தப் பெண்ணுக்குத் திருமணமாகியிருந்தால், பற்றுச்சீட்டில் கணவனின் பெயரும் அவளுடைய புதிய குடும்பப் பெயரும் சேர்ந்தே வரும்.