மூக்கு எரிகிறது, சராசரி எரியவில்லை

எண்ணூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராத்திரியில் வாடை தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறோம். சட்டசபையில் கேட்டால் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது' என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்களா, இல்லை எங்கள் மூக்கில்தான் கோளாறா?"

மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பதிலும் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். கோளாறு கேள்வியில். சட்டமன்றக் கேள்வி என்பதும் ஒரு அளவுகருவி. விறகுத்தொட்டித் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதற்காக மூக்குத்தியில் தங்கமே இல்லை என்று ஆகிவிடுமா?

கேள்வி நேரம் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள், வேகமாகக் கடந்துவிடலாம். மக்களவையில் கேள்வியை 15 முழு நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் வரிசை முடிவாகும். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியிடாதவை 230, எழுத்தில் மட்டும் பதில். அந்த 20-லும் அவையில் எழுவது பெரும்பாலும் நாலைந்துதான், அதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கேள்வி 150 சொல்லைத் தாண்டக்கூடாது. வாதம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் கூடாது. கோட்டையிலும், அதாவது நம் சட்டமன்றத்திலும், ஏறக்குறைய இதே கதைதான்: பேரவைச் செயலகம் வாங்கும், பேரவைத் தலைவர் அனுமதிப்பார், துறைக்குப் போகும். துறைச் செயலகத்தின் ஒரு பிரிவிலிருந்து இயக்குநரகம், அங்கிருந்து மாவட்டம் அல்லது மண்டலம், அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேடு வரை கேள்வி படிப்படியாக இறங்கும். எண் அதே படிகளில் மேலே ஏறும். கீழே பதிவேட்டில் இல்லாத எண் மேலே எந்த அமைச்சர் வாயிலும் வராது.

இனி அந்த "அனுமதிக்கப்பட்ட அளவு". இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

நாட்டின் காற்றுத் தர வரம்புகளை மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பர் 18-ல் வெளியிட்டது. அதில் 12 மாசுகள். கார்பன் மோனாக்சைடுக்கும் ஓசோனுக்கும் 1 மணி நேர வரம்பு உண்டு. அம்மோனியாவுக்கு இருப்பவை இரண்டே: ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராம். ஒரு மணி நேர வரம்பே கிடையாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆலை வாசலருகே காற்றில் 2,090 மைக்ரோகிராம் இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. 400-க்குப் பக்கத்தில் 2,090-ஐ வைத்தால் ஐந்து மடங்கு. ஆனால் 400 என்பது ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்த சராசரி, 2,090 என்பது அந்த நேரத்து அளவு. இரண்டும் வேறு வேறு சரக்கு.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். அந்த 2,090 அப்படியே 4 மணி நேரம் நின்றது, மீதி 20 மணி நேரம் அம்மோனியா துளியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,090-ஐ 4-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 348. வரம்பு 400. ஆக, ஊரே வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஓடிய ஒரு நாளுக்கு "24 மணி நேரச் சராசரி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்" என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இருக்காது.

இன்னும் இழுத்துப் பார்க்கலாம். ஒரு பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அம்மோனியா என்பது கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 மைக்ரோகிராம். அரை மணி நேரம் என்பது ஒரு நாளில் 48-ல் ஒரு பங்கு. 400-ஐ 48-ஆல் பெருக்கினால் 19,200 மைக்ரோகிராம், அதாவது 27 பிபிஎம். அரை மணி நேரத்துக்கு 27 பிபிஎம் வீசிவிட்டு ஓய்ந்தாலும் அந்த நாள் வரம்புக்குள்ளேதான். சுமார் 5 பிபிஎம்மிலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். மூக்குக்குச் சராசரி போடத் தெரியாது, அது நொடிக்கு நொடி அளக்கும் கருவி.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஆலைக்குள் வேலை செய்பவருக்கு அம்மோனியா வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 25 பிபிஎம், 15 நிமிடத்துக்கு 35 பிபிஎம் என்று இருந்தது. எண்கள் பெரியவைதான், திடகாத்திரமான தொழிலாளியை மனத்தில் வைத்துப் போட்டவை. ஆனாலும் மதிலுக்கு உள்ளே 15 நிமிடக் கணக்கு ஒன்று இருந்தது. மதிலுக்கு வெளியே, கைக்குழந்தை தூங்கும் வீட்டுக்கு, 24 மணி நேரக் கணக்கு மட்டும்தான். வடசென்னை எம்.பி. மக்களவையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் வாதம்: அம்மோனியாவுக்கு ஒரு மணி நேர வரம்பு வகுக்கும் திட்டம் உண்டா? வரம்பு வகுப்பது டெல்லி; கோட்டையில் கேட்டுப் பயனில்லை.

ஆண்டுச் சராசரியிலும் ஓர் ஓட்டை உண்டு. அதே 2009 அறிவிப்புப்படி ஓர் இடத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 104 முறை அளந்தால் போதும்: வாரத்துக்கு இரண்டு நாள். மிச்சம் 261 நாள் அளக்காமலே ஆண்டுச் சராசரி போட்டுவிடலாம். வருடத்தில் 2 சதவீத நேரம், அதாவது சுமார் 7 நாள், வரம்பை மீறினாலும் அடுத்தடுத்த இரண்டு அளவீட்டு நாட்களில் மீறாதவரை குற்றமில்லை. மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் தானியங்கி நிலையங்கள் வந்த பிறகு 15 நிமிடத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. எண்கள் இருக்கின்றன. கேள்வி "15 நிமிட அளவு" என்று கேட்காவிட்டால் சராசரிதான் மேலே வரும்.

அடுத்து, கேள்வி வழி தவறிப்போவது. கோட்டையிலிருந்து வடக்கே போகப் போக ஒரே தெருவில் ஐந்து துறை குறுக்கிடும். ஸ்டான்லி மருத்துவமனை மக்கள் நல்வாழ்வுத் துறை. பக்கத்துத் தெருவின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சியுடையது, கேள்வி நகராட்சி நிர்வாகத் துறைக்குப் போக வேண்டும். ஆலைக்குள் பாதுகாப்பு தொழிலாளர் நலத்துறையின் கீழுள்ள தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். ஆலைக்கு வெளியே காற்று சுற்றுச்சூழல் துறை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை ஒன்றிய ரயில்வே. எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் போட்டு நல்வாழ்வுத் துறை அமைச்சரிடம் கொடுத்தால் "இப்பொருள் இத்துறையைச் சார்ந்ததன்று" என்று திரும்பி வரும், கூட்டத்தொடரும் முடிந்திருக்கும். டெல்லியில் இதற்கு இன்னும் வசதியான வாசகம் உண்டு: "பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பொருள்." ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 6-ஆம் இனம். ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் பதில்கள் பல இந்த வரியிலேயே தொடங்கும். தப்ப முடியாதபடி கேட்க வேண்டுமானால் பொதுப் பட்டியலின் 29-ஆம் இனத்தைப் பிடிக்க வேண்டும்: ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது. அதில் ஒன்றியம் கை விரிக்க முடியாது.

2021 ஜூலை 20-ல் மாநிலங்களவையில் வந்த பதில் இந்த வகைக்கே பாடம். இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று மாநிலங்கள் "குறிப்பாக" எதையும் தெரிவிக்கவில்லை என்றது அரசு. நாடே கொதித்தது. அந்தக் "குறிப்பாக" எங்கிருந்து முளைத்தது என்று பாருங்கள். மருத்துவமனை இறப்புக்கு எழுதும் 4-ஆம் எண் படிவத்தில் உடனடிக் காரணம், அதற்கு முந்திய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிசையாகக் கோடுகள். மூச்சுச் செயலிழப்பு, நிமோனியா, கோவிட் என்று எழுதலாம். "சிலிண்டர் தீர்ந்தது" என்று எழுதக் கோடு இல்லை. படிவத்தில் கோடு இல்லாத சாவுக்கு அவையில் எண் இல்லை. மணிக்கு மணி எத்தனை லிட்டர் கேட்டார்கள், எத்தனை லிட்டர் வந்தது, அந்த மணியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டிருந்தால் கதை வேறு.

டெங்குவிலும் இதே தகராறு. 2004-ல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவம்: அறிகுறியைப் பார்த்துச் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் எஸ், மருத்துவர் ஊகித்து எழுதும் பி, ஆய்வகம் உறுதிசெய்யும் எல். அவையில் "டெங்கு எத்தனை பேருக்கு?" என்று மொட்டையாகக் கேட்டால் எல் எண்தான் வரும். எலிசா என்ற ஆய்வக முறையில் செய்த ரத்தச் சோதனைதான் உறுதிக்கணக்கு. காசிமேட்டு முனையிலுள்ள லேபில் அட்டையில் சொட்டு விட்டு "பாசிட்டிவ்" என்றால் அது அந்தக் கணக்கில் ஏறாது. மூன்று எண்ணையும் வாரவாரியாகத் தனித்தனியே கேட்பதுதான் முறை. பி ஏறிக்கொண்டே போய் எல் மட்டும் படுத்திருந்தால் சோதனைக் கருவிப் பொருட்கள் தீர்ந்துபோயின என்று ஊகிக்கலாம்.

தட்டம்மைக்குப் பல நேரம் எஸ் படிவமே வராது. அம்மை கண்டால் "அம்மா வந்திருக்கா", வாசலில் வேப்பிலை, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் தெய்வக்குற்றம் என்று இன்னும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. கட்டிவிட்டு நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாததில்தான் சண்டை. 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் போட வேண்டிய தடுப்பூசி எந்தத் தெருவில் விட்டுப்போனது என்பதை அந்த ஒரு வார்த்தைதான் காட்டிக்கொடுக்கும்.

நம் சட்டமன்ற வழக்கில் "அரசு ஆவன செய்யுமா?" என்று முடியும் கேள்விகள் ஏராளம். இதைப் போல வீணான கேள்வி கிடையாது. "தற்போது கருத்துரு ஏதும் இல்லை" என்று கேள்வியின் முதல் பகுதியான (அ)-வுக்கு வரும். "இவ்வினா எழவில்லை" என்று அடுத்த பகுதியான (ஆ)-வுக்கு வரும். 2020 செப்டம்பரில் மக்களவையில் ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எண்ணிக்கையைக் கேட்டபோதும் இதே பூட்டுத்தான்: தரவு இல்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை. (ஆ)-வை (அ)-வின் தோளில் ஏற்றினால் (அ) விழும்போது (ஆ)-வும் விழும். ஒவ்வொரு பகுதியும் தன் காலில் நிற்க வேண்டும்.

மாறாக, "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் அது சாதாரண மழுப்பல் இல்லை. நாடாளுமன்றத்தில் இத்தகைய தொடர்களுக்குப் பட்டியலே இருக்கிறது; சொன்ன கணமே அது உறுதிமொழி, 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். மக்களவையில் இதைத் துரத்துவதற்கென்றே 1953 முதல் ஒரு குழு. கோட்டையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. ஆக, நல்ல கேள்வி ஒன்று எண்ணைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் இந்த வாய்வார்த்தையைப் பிடுங்க வேண்டும். துணைக்கேள்வி நேரத்தில் அதிகாரிகள் மாடத்திலிருந்து அமைச்சர் கைக்குத் துண்டுச்சீட்டுகள் போகத் தொடங்கினால் கேள்வி சரியான இடத்தில் தைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணூர் வாசகருக்கு வருவோம். உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுக்க, சுற்றுச்சூழல் துறைக்கு மட்டும், இப்படி எழுதலாம்: "(அ) எண்ணூர், திருவொற்றியூர், மணலியில் அம்மோனியாவை அளக்கும் தானியங்கி நிலையங்கள் எவை, (ஆ) 2023 டிசம்பர் 26 இரவு 10 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை ஒவ்வொன்றிலும் பதிவான 15 நிமிட அளவுகள் யாவை, (இ) அந்த 12 மணி நேரத்தில் எந்தக் கருவி எத்தனை நிமிடம் இயங்கவில்லை, காரணம் என்ன?" அன்றிரவு எந்த மருத்துவமனையில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பது நல்வாழ்வுத் துறைக்கு, வேறு தாளில்.

(இ)-யை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி நின்றுபோன நிமிடங்கள் பூஜ்யமாகவும் ஏறாது, வரம்பு மீறலாகவும் ஏறாது. சராசரி போடும்போது கணக்கிலேயே வராது. கரன்ட் போன ராத்திரிகளில் காணாமல் போவது அந்த நிமிடங்கள்தான்.