ஆட்டுக்கால் எலும்பும் முட்டத்து ஓங்கலும்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அன்றைக்கு அதிர்ஷ்டம் இருந்தால், ஓங்கல் கூட்டம் ஒன்று கண்ணில் படும். டால்பினைத்தான் சொல்கிறேன், கடல்பன்றி என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் ஒருநாள் அதைப் பார்த்து "அந்தா பெரிய மீன்" என்று கத்தினேன். பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பாட்டா ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது மீனில்ல மக்கா, குட்டி போட்டுப் பால் குடுக்கும்" என்றார்.

சரி, மீன் இல்லையென்றால் அது கடலுக்குள் என்ன செய்கிறது?

அடுத்த முறை சாளை வாங்கும்போது வாலைக் கவனியுங்கள். செங்குத்தாக நிற்கும், இடமும் வலமுமாக ஆட்டித்தான் மீன் நீந்துகிறது. ஓங்கலுக்கோ வால் படுக்கையாக இருக்கிறது, அது மேலும் கீழுமாக அடிக்கிறது. நாய் துரத்தும்போது ஆடு நாலுகால் பாய்ச்சலில் ஓடுமே, அப்போது அதன் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள்; அதே மேல்கீழ் அசைவு, காலுக்குப் பதிலாக வாலில் போய் முடிகிறது. கரையில் ஓடிய முதுகெலும்பைக் கடலுக்குள்ளும் வைத்துக்கொண்டிருக்கிற பிராணி அது.

இதை மட்டும் வைத்து யாரும் நம்ப வேண்டியதில்லை. ஓங்கலும் திமிங்கலமும் ஒரே குடும்பம்தான், அதனால் திமிங்கலத்தையும் பார்க்கலாம். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில், மணப்பாடு பக்கம், 80க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரையொதுங்கியது நினைவிருக்கும். அவற்றின் பக்கத் துடுப்பு வெளியே பார்த்தால் வெறும் துடுப்புதான். உள்ளே தோள் எலும்பு, முன்கையில் இரண்டு எலும்பு, மணிக்கட்டு, விரல்கள் என்று நம் கையின் வரிசை அப்படியே இருக்கிறது. பின்னங்கால் இல்லை, ஆனால் இடுப்பெலும்பின் மிச்சம் முதுகெலும்போடு ஒட்டாமல் தசைக்குள் கிடக்கிறது. இனப்பெருக்க உறுப்பின் தசைகளைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறதே என்று சிலர் வாதாடுவார்கள். உதவட்டுமே, பழைய நாற்காலியை உடைத்து அடுப்பெரித்தாலும் அது நாற்காலியாக இருந்தது பொய்யாகிவிடாது. இன்னொன்று, ஓங்கலின் கருவில் முதல் சில வாரங்களில் பின்னங்கால் மொட்டுகள் முளைக்கின்றன, அப்புறம் வளராமல் மறைந்துவிடுகின்றன. பிறக்கும்போது கால் வேண்டாத பிராணிக்கு அந்த மொட்டு எதற்கு?

எனக்குப் பிடித்த கதை கணுக்கால் எலும்பைப் பற்றியது. திமிங்கலம் எந்தக் கரை விலங்கிலிருந்து வந்தது என்பதில் ரொம்ப நாள் சண்டை. பற்களை வைத்துப் பார்த்த புதைபடிவ ஆய்வாளர்கள், அழிந்துபோன ஒரு குளம்புள்ள ஊனுண்ணிக் கூட்டத்தைக் காட்டினார்கள். 1990களில் டிஎன்ஏவை ஒப்பிட்டவர்களோ, இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை, அதாவது ஆடு, மாடு, மான், பன்றி எல்லாம் அடங்கிய இரட்டைக் குளம்புக் குடும்பம் என்றார்கள். எலும்புக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம், அந்தக் குடும்பத்துக்கு ஒரு தனி முத்திரை உண்டு. கறிக்கடையில் ஆட்டின் பின்னங்காலைக் கணுவோடு வாங்கி, சூப்பு வைத்துச் சாப்பிட்டு முடித்தபின் அந்தக் கணுவில் விரல் பருமனில் ஓர் எலும்பு கழன்று வரும், எடுத்துக் கழுவிப் பாருங்கள். மேல்முனையில் கிணற்றுக் கப்பி மாதிரி நடுவில் பள்ளம், கீழ்முனையிலும் அதே மாதிரி இன்னொரு கப்பி. நாய்க்கோ குதிரைக்கோ நமக்கோ இரண்டு பக்கமும் கப்பி கிடையாது. டிஎன்ஏ சொன்னது சரியென்றால், கால் இருந்த காலத்துத் திமிங்கலத்துக்கு இந்த எலும்பு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கதை கந்தல்தான்.

2001 செப்டம்பரில், பாகிஸ்தானில் தோண்டிய இரண்டு குழுக்கள் தனித்தனியாக முடிவை வெளியிட்டன. ஏறக்குறைய 5 கோடி ஆண்டு பழைய திமிங்கல மூதாதைகளின் கணுக்கால் எலும்புகள் கிடைத்திருந்தன. இரண்டு முனையிலும் கப்பி! கடல்பன்றி என்று பேர் வைத்த நம் ஆட்கள் எலும்பைப் பார்த்து வைக்கவில்லை, ஆனாலும் சொந்தம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

நடுவில் உள்ள படிகளும் கிடைத்திருக்கின்றன. காலும் நீண்ட மூஞ்சியுமாக முதலை போல வாழ்ந்த ஆம்புலோசீடஸ் 1994இல் அறிவிக்கப்பட்டது. குஜராத்தின் கட்ச் பகுதியிலும் அதன் உறவுக்காரர்கள் புதைந்திருக்கிறார்கள். எகிப்துப் பாலைவனத்தில் கிடைத்த பேசிலோசாரஸ் முழுக்கக் கடல்வாசி, உடம்பு 15 மீட்டருக்கும் மேல், ஆனால் முட்டி, விரல் எல்லாம் வைத்த முழுப் பின்னங்கால் நம் கை நீளம்கூட இல்லை. நடக்க உதவாத கால், இன்னும் போகாத கால்.

எல்லாவற்றுக்கும் முந்தைய படி எப்படி இருந்திருக்கும் என்பதற்கான துப்பு காஷ்மீர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ரங்க ராவ் என்ற இந்திய நிலவியலாளர் காலாகோட்டில் சேகரித்த கற்கள் உடைபடாமலே கிடந்தன. அவர் காலமான பிறகு அவர் மனைவி வழியாக அவை தேவிசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கைக்குப் போயின, அங்கே கல்லைச் சுத்தம் செய்த உதவியாளர் தவறுதலாக ஒரு மண்டையோட்டை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் தெரிந்த காதெலும்பில் ஓர் ஓரம் தடித்திருந்தது, அது திமிங்கலக் குடும்பத்தின் அடையாளம். 2007இல் வெளிவந்த அந்த விலங்கின் பேர் இண்டோஹையஸ். பூனை அளவு, மெல்லிய கால், குளம்பு. பார்க்க நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் திரிகிற சருகுமான் மாதிரி. கால் எலும்புகள் மட்டும் கனமாக இருந்தன, தண்ணீருக்குள் மிதந்து எழும்பிவிடாமல் தரையில் நடப்பதற்குத் தோதாக. சருகுமானுக்கு ஆப்பிரிக்காவில் ஓர் உறவு உண்டு. கழுகு வந்தால் அது இன்றைக்கும் ஓடைக்குள் குதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து நிற்கிறது.